தரநிலை எழுதும் குழுவில் சிறு நிறுவனத்தின் ஆளாக உட்கார்ந்தபோது

ஒரு தரநிலை, அதாவது ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம், அச்சாகி வந்த பிறகு சிறு நிறுவனங்களுக்குச் சலுகை கேட்பதைவிட, அது எழுதப்படும்போதே ஒரு சிறு நிறுவனத்தின் பொறியாளர் அந்தக் குழுவில் இருப்பது பல மடங்கு மேல். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். தொழிற்சாலைகளில் பொருத்தும் சிறிய மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வடிவமைப்பவரும், பழுது என்று வாடிக்கையாளர் கூப்பிட்டால் போனை எடுப்பவரும், உதிரிபாகத்துக்கு ஆர்டர் போடுபவரும் எங்களிடம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். எங்களைப் போன்ற நிறுவனங்களின் சங்கம் ஒன்று என்னைத் தேசியத் தரநிலைக் குழுவுக்கு அனுப்பியது. அங்கிருந்து சர்வதேசப் பணிக்குழு ஒன்றுக்கும் போனேன். சில ஆண்டுகள் உள்ளே இருந்து பார்த்ததில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, எது மாறியே ஆக வேண்டும் என்பதை என் துறையைத் தாண்டியவர்களுக்கும் உதவும்படி சொல்லப் பார்க்கிறேன்.

நடைமுறை தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேசத் தர அமைப்புகளில், மின் துறைக்கான ஐஇசி 1906-இலும், மற்றத் துறைகளுக்குப் பொதுவான ஐஎஸ்ஓ 1947-இலும் தொடங்கப்பட்டவை. இரண்டிலும் உறுப்பினர்கள் தேசியத் தர அமைப்புகள்தான். நிறுவனங்கள் நேரடியாக உறுப்பினராக முடியாது. யாராவது ஒரு புதிய தரநிலை வேண்டும் என்று முன்மொழிவார்கள். அது ஏற்கப்பட்டால் நிபுணர்கள் சிலர் அடங்கிய பணிக்குழு வரைவை எழுதும். அது குழுவின் வரைவாகி, உறுப்பு நாடுகளின் கருத்தைக் கேட்டுத் திரும்பும். பிறகு விசாரணை வரைவு என்று பொதுச் சுற்றுக்கு வரும். ஐஎஸ்ஓவில் இந்தச் சுற்றுக்கு 12 வாரம். பங்கேற்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து, மொத்த ஓட்டில் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் வரைவு தேறிவிடும். கடைசியாக இறுதி வரைவு. அதற்கு 8 வாரம், ஆம் அல்லது இல்லை என்று ஓட்டு மட்டும். அந்தக் கட்டத்தில் தொழில்நுட்ப மாற்றம் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சிறு நிறுவனங்கள் இதில் எங்கே நுழைகின்றன? பெரும்பாலும் அந்த 12 வாரத்தில்தான். அந்த 12 வாரமும் கைக்கு முழுதாக வருவதில்லை. தேசிய அமைப்பு வரைவைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், குழு கூட வேண்டும், வந்த கருத்துகளைத் தொகுத்து நாட்டின் நிலைப்பாடாக்க வேண்டும். இதெல்லாம் போக, ஒரு சிறு நிறுவனத்தின் பொறியாளருக்கு நூறு பக்க வரைவைப் படிக்கச் சில வாரம் மிஞ்சினால் பெரிய விஷயம். உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தத்தில் இருக்கும் நடத்தை நெறியும் வரைவுக்குக் குறைந்தது 60 நாள் கருத்துக் காலம் தர வேண்டும் என்கிறது. காகிதத்தில் பார்த்தால் போதுமான காலம்தான். ஆனால் அந்தக் காலம் தொடங்கும்போது தரநிலையின் எலும்புக்கூடு இறுகிவிட்டிருக்கும். எதையெல்லாம் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது, எந்தெந்தத் தரநிலைகளை மேற்கோள் காட்டுவது என்பதெல்லாம் அதற்கு வெகு முன்பே பணிக்குழுவில் முடிவாகிவிடுகிறது.

பணிக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை நேரில் பார்த்த பிறகுதான் பல விஷயங்கள் விளங்கின. பெரிய உற்பத்தியாளர்களின் தரநிலைப் பிரிவு ஆட்கள் இருப்பார்கள். இதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை. சோதனைக்கூடங்களிலிருந்தும் சான்றிதழ் தரும் அமைப்புகளிலிருந்தும் சிலர், ஒன்றிரண்டு ஆலோசகர்கள், எப்போதாவது ஒரு பேராசிரியர். விதிப்படி இவர்கள் எல்லோரும் தனிப்பட்ட நிபுணர்களாகத்தான் உட்காருகிறார்கள், அனுப்பிய நிறுவனத்தின் பிரதிநிதிகளாக அல்ல. நான் பழகியவர்களில் மிகப் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள், கடுமையாக உழைப்பவர்கள். சிக்கல் அவர்களுடைய எண்ணத்தில் இல்லை. ஒருவர் தனக்குத் தெரிந்த தொழிற்சாலையை மனதில் வைத்துத்தான் எழுதுவார். சோதனை அறை ஆயிரக்கணக்கான கருவிகளை வரிசையாகப் பார்க்கும் இடத்தில் வேலை செய்பவருக்கு, ஒரு தடவைக்கு இருபது கருவி மட்டும் செய்யும் பேட்ச் எப்படி இருக்கும் என்று தோன்றாது. அதைச் சொல்ல ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் எனக்குத் தெரிந்த எல்லாப் பாடமும் இதற்குள் இருக்கிறது.

ஒரு வரைவில் இப்படி ஒரு பிரிவு இருந்தது: ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் 6 கருவிகளை எடுத்து, 85 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1000 மணி நேரம் வைத்துச் சோதிக்க வேண்டும். 1000 மணி நேரம் என்றால் ஏறக்குறைய ஆறு வாரம். அந்தச் சோதனையிலிருந்து வெளியே வந்த கருவியை விற்க முடியாது. பெரிய நிறுவனத்தின் பேட்ச்சில் ஆயிரக்கணக்கான கருவிகள் இருக்கும், 6 போவது கணக்கிலேயே வராது. எங்கள் பேட்ச்சில் இருபது கருவி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சோதனைக்கே போய்விடும், மீதியும் ஆறு வாரம் அலமாரியில் காத்திருக்கும். இப்படிப்பட்ட சோதனை அறை எங்களிடம் இல்லை என்பதால் வெளியே கொடுக்க வேண்டும், அங்கேயும் வரிசை. இந்தப் பிரிவு அப்படியே வந்திருந்தால் சிறிய பேட்ச் போடுகிற எந்த நிறுவனமும் அந்தக் கருவியைச் செய்வதை நிறுத்தியிருக்கும்.

சங்கத்தில் பேசியபோது சிலர், மாதிரி எண்ணிக்கையைப் பேட்ச்சின் சதவீதமாக மாற்றச் சொல்லலாம் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதிரி எடுப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 தரநிலையின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் அந்த வாதம் நிற்காது என்று தெரிந்துவிடும். அதில் சாதாரணமாகப் பயன்படுத்தும் பொதுச் சோதனை நிலை 2-இல், 16 முதல் 25 வரை எண்ணிக்கை கொண்ட பேட்ச்சுக்கு மாதிரி 5. 10,001 முதல் 35,000 வரைக்கும் 315 மட்டும். 25-க்கு 5 என்றால் 20 சதவீதம். 10,001-க்கு 315 என்றால் சுமார் 3 சதவீதம். இதில் சதி எதுவும் இல்லை. ஒரு மாதிரியிலிருந்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது முக்கியமாக மாதிரியின் எண்ணிக்கையைப் பொறுத்தது. பேட்ச் எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம்தான் பொறுத்தது. இருபது கருவியில் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று யாராலும் சொல்ல முடியாது. சதவீதம் கேட்டிருந்தால் குழுவில் உள்ள புள்ளியியல் தெரிந்த முதல் ஆளே அதை ஒரு நிமிடத்தில் ஒதுக்கியிருப்பார். சிறியவர்கள் பாதுகாப்பைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்ற பேச்சும் கூடவே கிளம்பியிருக்கும்.

ஆகவே வேறு கேள்வியிலிருந்து தொடங்கினோம். இந்தப் பிரிவு எதைப் பிடிக்கப் பார்க்கிறது? கருவிக்குள் ஈரம் புகுந்து, சர்க்யூட் போர்டில் கசிவு மின்னோட்டம் உண்டாகி, கட்டுப்பாடு தவறுவதை. ஈரம் எப்போது புகும்? ரப்பர் சீல், போர்டின் மேல் பூசும் பூச்சு, உறை, இவற்றின் வடிவமைப்பு பலவீனமாக இருந்தால். அல்லது இவற்றில் எதையாவது மாற்றினால். அல்லது ஒரு குறிப்பிட்ட கருவியைச் சரியாக மூடாவிட்டால். முதல் இரண்டும் வடிவமைப்பைச் சேர்ந்தவை. பேட்ச்சுக்குப் பேட்ச் மாறுவதில்லை. மூன்றாவதுதான் ஒவ்வொரு கருவியிலும் வேறுபடக்கூடியது, ஆனால் அதைக் கண்டுபிடிக்க 1000 மணி நேரம் தேவையில்லை; காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கசிவுச் சோதனை போதும், கருவியும் கெடாது.

இதை வைத்துப் பிரிவை முழுதாக மாற்றி எழுதி அனுப்பினோம். நீண்ட ஈரப்பதச் சோதனை ஒரு கருவிக் குடும்பத்துக்கு ஒரு முறை. சீல், பூச்சு, உறை இவற்றில் பொருளோ சப்ளையரோ மாறினால் மறுபடியும். பேட்ச் அளவில், எல்லாக் கருவிக்கும் கசிவுச் சோதனை. சோதனைக்கூடத்திலிருந்து வந்தவர் ஒரு நல்ல ஆட்சேபம் சொன்னார்: மாற்றம் எதுவும் இல்லை என்று நிறுவனமே சொல்லிக்கொண்டு பத்து வருடம் ஓட்டிவிடக்கூடாது, மாற்றம் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை நீண்ட சோதனை வேண்டும். ஒத்துக்கொண்டோம். பெரிய நிறுவனங்களின் ஆட்களும் ஆதரித்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் செலவு குறைந்தது. பாதுகாப்பும் முன்பைவிடக் கூடியது: முன்பு பேட்ச்சில் 6 கருவிதான் பார்க்கப்பட்டது, இப்போது எல்லாமே பார்க்கப்படுகிறது.

அன்றிலிருந்து எந்த வரைவைப் படித்தாலும், கடினமாகத் தோன்றும் ஒவ்வொரு பிரிவின் பக்கத்திலும் 'இது எந்தக் கோளாறைத் தடுக்க?' என்று எழுதிக்கொள்கிறேன். பதில் தெரிந்தால் மாற்று வழியும் பெரும்பாலும் தெரிந்துவிடும். பதில் யாருக்குமே தெரியவில்லை என்றால், அந்தப் பிரிவு பழைய தரநிலை ஒன்றிலிருந்து அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கும். அதை நீக்கக் கேட்கலாம், நீக்கியும் இருக்கிறார்கள்.

இதற்குத் துணையாக ஒரு விதியே இருக்கிறது. ஐஎஸ்ஓ, ஐஇசி இரண்டுக்கும் பொதுவான எழுதும் நெறிமுறைகளின் இரண்டாம் பகுதி, முடிந்தவரை பொருள் எப்படிச் செயல்பட வேண்டும் என்று எழுதச் சொல்கிறது. அதை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. முன்பு சொன்ன தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தமும் அதையே சொல்கிறது. நடைமுறையில் இந்த விதி அடிக்கடி மீறப்படுகிறது, ஏனென்றால் தங்கள் கருவி எப்படி இருக்கிறதோ அதை வர்ணிப்பது எழுதுபவர்களுக்குச் சுலபம். ஒரு சிறு நிறுவனம் வேறு வழியில் அதே பலனை, சில சமயம் இன்னும் நன்றாகவே, தந்துகொண்டிருக்கலாம். அந்த வழி ஒரே வரியில் சட்டவிரோதம்போல ஆகிவிடும். இந்த விதியைச் சுட்டிக் காட்டி எழுதிய கருத்துகளைக் குழு எளிதில் தள்ளிவிட்டதில்லை.

கருத்துப் படிவத்தை நிரப்புவது

கருத்து அனுப்ப ஒரு அட்டவணை இருக்கிறது. யார் அனுப்புகிறார்கள், எந்த வரி, எந்தப் பிரிவு, கருத்தின் வகை, கருத்து, முன்மொழியும் மாற்றம், கடைசியில் செயலகம் நிரப்பும் முடிவு. வகை மூன்று: பொதுவானது, தொழில்நுட்பம், மொழித் திருத்தம். பார்த்தால் அலுவலகப் படிவம்தான், ஆனால் சிறு நிறுவனங்களின் கருத்துகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

பணிக்குழுக் கூட்டத்தில் இந்த அட்டவணை திரையில் ஓடும். பெரிய தரநிலைக்கு நூற்றுக்கணக்கான வரிகள் வரும். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு வரியாகப் படித்து, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, ஏற்கப்பட்டது, திருத்தத்துடன் ஏற்கப்பட்டது, ஏற்கப்படவில்லை, குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதிவார். 'இந்தப் பிரிவு சிறு நிறுவனங்களுக்குப் பெரும் சுமை, மறுபரிசீலனை செய்யவும்' என்று பொதுவான வகையில் அனுப்பிய கருத்துக்கு என்ன நடக்கும்? 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று பதிவாகும், அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; மாற்று வாசகம் இல்லாத கருத்தை வைத்து அந்த நேரத்தில் எதையும் செய்ய இயலாது. அதே கருத்தைத் தொழில்நுட்ப வகையில் போட்டு, முன்மொழியும் மாற்றம் என்ற கட்டத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளக்கூடிய முழு வாசகத்தை எழுதி, கருத்துக் கட்டத்தில் இரண்டு மூன்று வரியில் காரணம் சொன்னால், அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருக்கும். பேச்சு தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பத்து கருத்து அனுப்புவதைவிட நன்றாக எழுதிய இரண்டு மேல். எந்த இரண்டு என்று முடிவு செய்ய நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். சங்கத்தின் நிறுவனங்கள் சிலவற்றிடம் வரைவைக் கொடுத்து, அவர்களிடம் ஏற்கெனவே உள்ள ஒரு கருவியை எடுத்து வரைவுப்படி முதலிலிருந்து கடைசிவரை மனதளவில் நடத்திப் பார்க்கச் சொல்வோம். எங்கே நின்றுவிடுகிறது, எந்தப் பிரிவுக்குத் தங்களிடம் இல்லாத சோதனைக் கருவி தேவை, எந்த ஆவணத்தை உருவாக்க யாருக்கும் நேரம் இருக்காது என்று அவர்கள் சொல்வதில் இரண்டு மூன்று இடங்கள் எல்லோருக்கும் பொதுவாக வரும். அவற்றுக்குத்தான் எழுதுவோம்.

ஓட்டு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த்து ஓட்டுப் போடும் நாடு தொழில்நுட்பக் காரணம் தராவிட்டால் அந்த ஓட்டு எண்ணிக்கையில் சேராது. ஆதரித்து ஓட்டுப் போட்டுவிட்டுக் கூடவே பெரிய ஆட்சேபத்தைக் கருத்தாக அனுப்பினால் அதன் எடை குறைந்துவிடும். உண்மையிலேயே ஏற்க முடியாத பிரிவு இருந்தால், எதிர்த்து ஓட்டுப் போட்டு, இந்த மாற்றத்தைச் செய்தால் ஆதரவாக மாற்றிக்கொள்வோம் என்று தெளிவாக எழுதும்படி தேசியக் குழுவைக் கேட்க வேண்டும். இதைக் கேட்கச் சங்கடப்பட வேண்டாம். ஒருமித்த கருத்து என்பதற்கு ஐஎஸ்ஓ, ஐஇசி வழிகாட்டி 2 தரும் வரையறையே, அக்கறையுள்ள தரப்புகளில் முக்கியமான எதுவும் அடிப்படையான விஷயத்தில் தொடர்ந்து எதிர்க்காத நிலை என்பதுதான். எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கவில்லை. அதே சமயம், தொடர்ந்து எதிர்ப்பவர்களின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டு அடுத்த கட்டத்தில் பேசாமல் இருந்தால் எதிர்ப்பு தொடரவில்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தில் மறுபடி வைக்க வேண்டும்.

வாசிக்கவே முடியாத விதி

தரநிலையை வாங்க வேண்டும். அது ஒன்றோடு முடிவதில்லை. அது இன்னும் பல தரநிலைகளைக் கட்டாய மேற்கோளாகக் காட்டும். அவற்றையும் வாங்கிப் படிக்காமல் முதலாவதைப் பின்பற்ற முடியாது. அவை இன்னும் சிலவற்றைக் காட்டும். எங்கள் கருவிக்கான தரநிலையின் மேற்கோள் சங்கிலியை ஒரு முறை தாளில் வரைந்து பார்த்தோம். இரண்டாவது அடுக்கிலேயே ஒரு பக்கம் போதவில்லை. அதில் சில, ஒரே ஒரு வரையறைக்காக மட்டும் மேற்கோள் காட்டப்பட்டவை. அந்த ஒரு வரியை இங்கேயே எழுதிவிட்டால் ஒரு முழு ஆவணம் வாங்கும் தேவை போய்விடும். இப்படிப்பட்ட மேற்கோள்களை நீக்கக் கேட்டு அனுப்பிய கருத்துகள்தான் மிகச் சுலபமாக ஏற்கப்பட்டன. புதிதாகக் குழுவுக்குப் போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

விலை கொடுத்து வாங்கும் முறைக்கு ஒரு காரணம் இருக்கிறது: தர அமைப்புகள் பலவற்றின் வருமானத்தில் விற்பனை ஒரு பகுதி. ஆனால் சட்டம் ஒரு தரநிலையைச் சார்ந்து நிற்கும்போது, அதைப் படிக்கவே பணம் கேட்பது எனக்கு எந்த வகையிலும் ஒப்பவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச் 5 அன்று தந்த தீர்ப்பு இதில் பெரிய திருப்பம். பொம்மைப் பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு தரநிலைகளைப் பார்க்கக் கேட்டு பப்ளிக்.ரிசோர்ஸ்.ஆர்க் என்ற அமைப்பும் இன்னொரு அமைப்பும் தொடுத்த வழக்கு அது. இசைவாக்கப்பட்ட தரநிலைகள், அதாவது ஒன்றியத்தின் சட்டங்களுக்குத் துணையாக எழுதப்பட்டவை, ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் பகுதி, அவற்றை வெளியிடுவதில் மேலான பொதுநலன் இருக்கிறது என்று நீதிமன்றம் சொன்னது. இணையத்தின் நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் தொடக்கத்திலிருந்தே எல்லா ஆவணத்தையும் இலவசமாகத்தான் தருகிறது. அங்கே உறுப்பினர் என்றே யாரும் இல்லை. விருப்பமுள்ள பொறியாளர் நேராக விவாதத்தில் சேரலாம். அந்த ஆவணங்களை வைத்துத்தான் எத்தனையோ சிறு நிறுவனங்கள் கருவி செய்கின்றன. ஆனால் அங்கும் வாசல் திறந்திருப்பதாலேயே எல்லோரும் உள்ளே வந்துவிடுவதில்லை. விவாதத்தைத் தொடர்ந்து படிக்கச் சம்பளத்தோடு நேரம் கிடைப்பவர்கள்தான் அங்கேயும் அதிகம்.

காப்புரிமையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஎஸ்ஓ, ஐஇசி, தொலைத்தொடர்புக்கான ஐடியூ மூன்றின் பொதுக் கொள்கைப்படி, தரநிலைக்குள் வரும் காப்புரிமைக்கு அதன் சொந்தக்காரர் இலவசமாகவோ நியாயமான, பாகுபாடற்ற நிபந்தனைகளிலோ உரிமம் தரச் சம்மதிக்கலாம். நியாயமான தொகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள முடியாத நிறுவனத்துக்கு அந்தப் பேச்சே நடக்காது. இணையத்தளத் தொழில்நுட்பங்களுக்கான டபிள்யூ3சி 2004-இலேயே கட்டணமில்லா உரிமத்தைத் தன் கொள்கையாக்கியது. வரைவு நிலையிலேயே காப்புரிமை அறிவிப்புகளைக் கேட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

சிறியவர்களுக்கென்றே எழுதினால்

தரநிலைகளைச் சிறியவர்களுக்கு ஏற்றபடி எழுத முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது ஐஎஸ்ஓ/ஐஇசி 29110. மென்பொருள் துறையில் வேலை முறைகளுக்கான தரநிலைகள் பெரிய நிறுவனங்களை வைத்து எழுதப்பட்டவை, சின்னக் குழுக்களால் பின்பற்றவே முடியவில்லை. 2005-இல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. 25 பேர் வரை உள்ள நிறுவனம், துறை அல்லது திட்டக் குழு என்று அவர்கள் முதலில் எல்லையை வகுத்துக்கொண்டார்கள். மெக்சிகோவில் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டிருந்த மோப்ரோசாஃப்ட் என்ற முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் வெளியான அடிப்படை நிலையில் இரண்டே செயல்முறைகள்: திட்ட மேலாண்மை, மென்பொருள் உருவாக்கம். அதற்கும் கீழே தொடக்க நிலை, மேலே இடைநிலை, உயர்நிலை என்று ஏணி. எப்படிச் செய்வது என்று விளக்கும் வழிகாட்டியை இலவசமாகவே வெளியிட்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, பெரிய தரநிலையில் சில பக்கங்களைக் கிழித்துப் போட்டுச் சிறியதாக்கவில்லை என்பது. பின்பற்றப்போவது யார் என்பதிலிருந்து தொடங்கினார்கள். அதே சமயம் ஒரு எச்சரிக்கை: எல்லாத் துறையிலும் சிறியவர்களுக்குத் தனித் தரநிலை என்று போவதை நான் ஆதரிக்கவில்லை. வேலை முறைக்கு அது பொருந்தும். ஒரு கருவியின் பாதுகாப்புக்குப் பொருந்தாது. ஷாக் அடித்தால் பெரிய கம்பெனிக் கருவியும் சின்னக் கம்பெனிக் கருவியும் ஒன்றுதான். அங்கே ஒரே தரநிலை இருக்க வேண்டும், ஆனால் அதை நிரூபிக்கும் வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும்.

எங்கே மாற்றம் வேண்டும் என்று கேட்டால் முதலில் பணிக்குழுவைத்தான் சொல்வேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1025/2012 ஒழுங்குமுறை, சிறு நிறுவனங்கள் தேசிய அமைப்பின் உறுப்பினராகாமலே பங்கேற்கவும், வரைவுகளை இலவசமாகப் பார்க்கவும், தரநிலைகளைக் குறைந்த விலையில் வாங்கவும் வழிசெய்யும்படி தேசிய அமைப்புகளை ஊக்குவிக்கிறது. அதன் தொடர்ச்சியாக 2013-இல் ஸ்மால் பிசினஸ் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற அமைப்பு உருவாகி, பொது நிதியின் உதவியோடு சிறு நிறுவன நிபுணர்களைக் குழுக்களுக்கு அனுப்புகிறது. இது சரியான திசை. இருந்தாலும் அப்படிப்பட்ட அமைப்புகளுக்குக் கருத்துச் சொல்லத்தான் உரிமை, ஓட்டு தேசிய அமைப்புகளிடமே இருக்கிறது. ஐரோப்பியத் தர அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டி 17, சிறு நிறுவனங்களின் தேவையை மனதில் வைத்துத் தரநிலை எழுதுவது எப்படி என்று சொல்கிறது. நல்ல ஆவணம், ஆனால் வழிகாட்டிதான்.

கட்டாயமாக வேண்டியது மூன்று. பணிக்குழுவில் செலவிடும் நேரத்துக்குச் சிறு நிறுவனத்தின் நிபுணருக்கு ஊதியம். பயணச் செலவைத் தருகிறோம் என்பார்கள். இன்று பாதிக் கூட்டம் திரையில்தான் நடக்கிறது, பயணம் பெரிய செலவே இல்லை. வரைவைப் படித்து, எழுதி, கூட்டத்தில் உட்காரும் மணி நேரங்கள்தான் உண்மையான செலவு. அந்த நேரத்தில் அந்த ஆள் செய்ய வேண்டிய வேலையை நிறுவனத்தில் வேறு யாராலும் செய்ய முடியாது. அடுத்தது, புதிய வேலை முன்மொழியும் படிவம். ஐஎஸ்ஓவின் படிவத்தில், பாதிக்கப்படும் தரப்புகளாகப் பெரிய தொழில், சிறு நடுத்தரத் தொழில், நுகர்வோர், அரசு என்று தனித்தனியாகக் குறிப்பிட ஏற்கெனவே இடம் இருக்கிறது. அதில் ஒரு பொதுவான வரியை எழுதிவிட்டு நகர அனுமதிக்கக் கூடாது. சிறு நிறுவனங்கள் எவற்றிடம் பேசினீர்கள், அவை என்ன சொன்னன என்று இல்லாவிட்டால் முன்மொழிவு திரும்பிப் போக வேண்டும். மூன்றாவது, விசாரணை வரைவு வெளியே வரும்போது, பணிக்குழுவில் எத்தனை பேர் எந்தத் தரப்பிலிருந்து இருந்தார்கள் என்ற பட்டியலும் கூடவே வர வேண்டும். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

அதுவரை சிறு நிறுவனங்கள் செய்யக்கூடியது, தனியாகப் போகாமல் சேர்ந்து போவது. எங்கள் சங்கத்தில் ஒரு குழுவுக்கு இருவர் என்று வைத்திருக்கிறோம்; ஒருவர் போக முடியாவிட்டால் மற்றவர் போவார், யாராவது விலகினாலும் நினைவு அறுந்துபோகாது. கூட்டம் முடிந்த வாரத்திலேயே இரண்டு பக்கக் குறிப்பு எல்லா நிறுவனங்களுக்கும் போகும்: என்ன மாறப்போகிறது, எப்போது, எதற்குப் பதில் வேண்டும். தரநிலைகளின் எண்களைப் பார்த்தே ஒதுங்கிவிடும் முதலாளிகள்கூட இந்தக் குறிப்பைப் படிக்கிறார்கள். சங்கம் இல்லாத துறையில் ஒரே வகைக் கருவி செய்யும் நான்கைந்து போட்டியாளர்கள் சேர்ந்தாலே போதும். இந்த விஷயத்தில் அவர்கள் போட்டியாளர்களே இல்லை.

அப்புறம், வெளியாகிவிட்ட தரநிலையோடு கதை முடிவதில்லை. ஐஎஸ்ஓ தரநிலைகள் 5 ஆண்டுக்குள் ஒரு முறை மறுஆய்வுக்கு வரும்: அப்படியே வைத்துக்கொள்வதா, திருத்துவதா, விலக்கிக்கொள்வதா என்று நாடுகளைக் கேட்பார்கள். யாரும் ஆதாரத்தோடு எதுவும் சொல்லாததால் அப்படியே தொடரும் தரநிலைகள் ஏராளம். உங்கள் துறையின் தரநிலை எந்த ஆண்டில் மறுஆய்வுக்கு வருகிறது என்று தேசிய அமைப்பைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, ஒவ்வொரு பிரிவையும் பின்பற்ற எத்தனை மணி நேரம் ஆனது, எந்தச் சோதனை இதுவரை ஒரு கோளாறையும் பிடித்ததில்லை, எது உண்மையிலேயே பிடித்தது என்பதை ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள். நாங்கள் அந்த ஈரப்பதப் பிரிவுக்கும் கசிவுச் சோதனைக்கும் இப்படி ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். பிடித்தவையும் பிடிக்காதவையும் இரண்டும் அதில் இருக்கின்றன; அடுத்த மறுஆய்வுக்கு அதை அப்படியே அனுப்பப் போகிறோம்.